வயல் காயட்டும்... பயிர் காயாது! கொல்லிமலை அடிவாரத்தின் தண்ணீர்க் கணக்கு

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் தாண்டி கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு காளப்பநாயக்கன்பட்டி ஒரு டீக்கடை நிறுத்தம். காரவள்ளிக்குப் போய் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதற்கு முன்னால் ஒரு டீ, ஒரு வடை. சுற்றுலா வருகிறவர்கள் இங்கே நின்று அண்ணாந்து மலையைப் பார்ப்பார்கள். மேகம் இறங்கியிருக்கிறதா, ஆகாய கங்கையில் தண்ணீர் கொட்டுமா என்பதுதான் அவர்கள் கவலை.

ஊர்க்காரர்களின் பார்வை வேறு பக்கம். அவர்கள் குனிந்து கிணற்றைப் பார்ப்பார்கள். நேற்று எத்தனை படி தெரிந்தது, இன்றைக்கு எத்தனை படி தெரிகிறது என்பதுதான் அவர்களுடைய கவலை!

மலையடிவாரம் என்றால் தண்ணீருக்குப் பஞ்சமே இருக்காது என்று நினைத்துக்கொள்வோம். உண்மை அப்படி இல்லை. மழை பெய்தால் ஓடைகளில் வெள்ளம் வேகமாக வரும், வந்த வேகத்தில் ஓடியும் போகும். கீழே இருப்பது கெட்டியான பாறை. மணல் நிலம்போல அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. பாறையின் மேல் பகுதியில் இருக்கும் சிதைந்த அடுக்கிலும், அதற்குக் கீழே இருக்கும் வெடிப்புகளிலும் தேங்குவதுதான் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் வரும் தண்ணீர். ஒரு தோட்டத்தில் 300 அடியில் தண்ணீர் வரும், பக்கத்துத் தோட்டத்தில் 800 அடி போட்டாலும் புகைதான் வரும். காரணம் இந்தப் பாறைதான்.

ஒரு வருட மழையும் ஒரு போக நெல்லும்

முதலில் ஒரு எளிய கணக்கு. நாமக்கல் மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழை 700 முதல் 800 மில்லிமீட்டருக்குள்தான். வழக்கமான முறையில் வயலில் தண்ணீரைக் கட்டி வைத்து நெல் விளைவிக்க, ஒரு போகத்துக்கு சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது, ஒரு ஏக்கரில் வருடம் பூராவும் விழும் மழையை ஒரு சொட்டு விடாமல் பிடித்து வைத்தாலும், அந்த ஏக்கரில் ஒரு போக நெல்லுக்கே போதாது.

லிட்டரில் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால், அது சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டரை லோடு! ஒரு போக நெல்லுக்கான 1,200 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 48 லட்சம் லிட்டர்.

அதனால்தான் இந்தப் பக்கத்தில் நெல்லைவிட மரவள்ளி, நிலக்கடலை, சோளம், மக்காச்சோளம், சின்ன வெங்காயம் போன்றவற்றை அதிகம் பார்க்கலாம். மரவள்ளிக்கு சேகோ ஆலைகள் இருக்கின்றன. மக்காச்சோளத்துக்கு நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் இருக்கின்றன. ஆனாலும், கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் ஏறிவிட்டால், வீட்டுச் சாப்பாட்டுக்காவது அரை ஏக்கர் நெல் போடலாமே என்ற ஆசை யாரையும் விடுவதில்லை. ஆசை தப்பில்லை. தண்ணீர் கட்டும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

"கிணத்துல தண்ணி இருக்கோணுமில்ல?"

இந்தப் பக்கத்தில் எந்தத் தோட்டத்து வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு ஒன்று உண்டு. மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டு வீட்டுக்காரர் மண்வெட்டியோடு போயிருப்பார். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

"ஏனுங்க, மோட்டாரை இன்னுமா நிறுத்தலீங்க?"

"கடைசிப் பாத்திக்கு இன்னும் போய்ச் சேரலையே புள்ள. கரன்ட் இருக்கறப்பவே பாச்சிப்புடலாம்."

"கரன்ட் இருக்குது சரிங்க. கிணத்துல தண்ணி இருக்கோணுமில்ல?"

வேளாண் பல்கலைக்கழகங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாரம் இந்த ஒரு கேள்வியிலேயே இருக்கிறது. கரன்ட் எப்போது வரும் என்பதைப் பார்த்துத் தண்ணீர் கட்டுகிறோமா, பயிருக்கு எப்போது வேண்டும் என்பதைப் பார்த்துக் கட்டுகிறோமா?

நெல்லுக்கு ஒரு துளைபோட்ட பைப்

நெல் தண்ணீரிலேயே நிற்க வேண்டிய பயிர் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. உண்மையில் நெல் தண்ணீரில் நிற்பதைத் தாங்கும் பயிர்தான். எப்போதும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. வயலில் தண்ணீரைக் கட்டி வைப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று களை. நீர் நின்றால் பல களைகள் முளைக்காது.

நம் பெரியவர்களுக்கு 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற சொல் பழக்கமானது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஓர் அளவுகோல் கொடுத்திருக்கிறது. அந்த அளவுகோல், ஒரு துண்டு பி.வி.சி. பைப்!

30 சென்டிமீட்டர் நீளமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பைப் போதும். கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளைகள் போட வேண்டும். துளை போட்ட பாதி மண்ணுக்குள்ளும், மீதிப் பாதி வெளியிலும் இருக்கிற மாதிரி வயலில் இறக்க வேண்டும். உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். வரப்புக்குப் பக்கமாக, எட்டிப் பார்க்க வசதியான இடத்தில், ஆனால் வயலின் சராசரி மட்டத்தில் வைப்பது நல்லது. மேட்டில் வைத்தால் ஒரு கணக்கு, பள்ளத்தில் வைத்தால் ஒரு கணக்கு என்று ஏமாற்றிவிடும்.

மேலே ஈரம் தெரியாவிட்டாலும் பைப்புக்குள் தண்ணீர் தெரியும். மண் மட்டத்தில் இருந்து 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி கீழே இறங்கும்வரை மோட்டார் போட வேண்டியதில்லை. அதுவரை வேர் தன் தண்ணீரைத் தானே எடுத்துக்கொள்ளும். அரை அடி இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, மறுபடி காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். நட்ட முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம், நாற்று வேர் பிடிக்கட்டும். பூக்கும் சமயத்தில், அதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் வயலைக் காயவிடவே கூடாது. அப்போது காயவிட்டால் பதர்தான் மிஞ்சும்.

இந்த முறையில் 30 சதவிகிதம்வரை தண்ணீர் மிச்சமாகும் என்று அந்த நிலையம் சொல்கிறது. ஒரு போகத்தில் 5 சென்டிமீட்டர் பாய்ச்சலில் நான்கை மட்டும் குறைத்தால்கூட ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர். ஊரகக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு, ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அந்தக் கணக்கில் நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்தின் 10 வருடத் தண்ணீர் அது!

இதில் ஊருக்கு மட்டுமல்ல, உலகத்துக்கும் ஒரு லாபம் உண்டு. தண்ணீர் தேங்கிய நெல் வயலில் காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் சுமார் பத்தில் ஒரு பங்கு நெல் வயல்களில் இருந்து வருகிறது. வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் அது கணிசமாகக் குறைகிறது.

மடகாஸ்கரில் இருந்து வந்த ஒற்றை நாற்று

இன்னொரு வழி, பலரும் கேள்விப்பட்ட ஒற்றை நாற்று நடவு. மடகாஸ்கரில் வாழ்ந்த ஹென்றி டி லோலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1980-களில் உருவாக்கிய முறை இது. தமிழ்நாட்டில் 'திருந்திய நெல் சாகுபடி' என்று பெயர் பெற்றது. 2003-04-ல் காவிரி டெல்டாவிலும் தாமிரபரணிப் பாசனப் பகுதியிலும் விவசாயிகளின் வயல்களிலேயே சோதித்துப் பார்த்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் 1,000-வது ஆண்டு கொண்டாடப்பட்ட 2010-ல் 'ராஜராஜன் 1000' என்ற பெயரும் இதற்குக் கிடைத்தது.

ஏக்கருக்கு 3 கிலோ விதை, ஒரு சென்ட் நாற்றங்கால், 14 நாள் வயதுள்ள இளம் நாற்று. குத்துக்கு ஒன்று என்று சதுரமாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். மண்ணில் மயிரிழை மாதிரி வெடிப்பு தெரிந்ததும் ஓர் அங்குலத் தண்ணீர் போதும். 10 நாளுக்கு ஒருமுறை கோனோவீடரை ஓட்டினால் களை மண்ணுக்குள் அமுங்கி உரமாகிவிடும், வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

இவ்வளவு நல்ல முறை ஏன் எல்லா வயலிலும் இல்லை? தண்ணீர் செய்துகொண்டிருந்த வேலையை இனி ஆள் செய்ய வேண்டும் என்பதுதான் காரணம். நீர் குறைந்தால் களை வரும். களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. வழக்கமாகக் குனிந்து களை எடுப்பவர்கள் பெண்கள். கோனோவீடரோ சேற்றில் தள்ளக் கனமான கருவி. இதையெல்லாம் சொல்லாமல் 'தண்ணீரைக் குறையுங்கள்' என்று மட்டும் சொன்னால், வரப்பில் நிற்பவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதனால், முழு முறையும் முடியாதவர்கள் பைப்பில் இருந்து தொடங்கலாம். அதற்குக் கூடுதல் ஆள் தேவையில்லை, தினமும் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

பார் பயிருக்கு ஒன்று விட்டு ஒன்று

இனி மரவள்ளி, மக்காச்சோளம் மாதிரி வரிசைப் பயிர்கள். இவற்றில் பார் பிடித்து, நடுவே இருக்கும் சாலில் தண்ணீர் விடுவது வழக்கம். எல்லா சாலிலும் விடாமல் இந்த முறை ஒற்றைப்படைச் சால், அடுத்த முறை இரட்டைப்படைச் சால் என்று மாற்றி மாற்றி விட்டால் என்ன ஆகும்?

ஒவ்வொரு பாருக்கும் ஒரு பக்கம் எப்போதும் ஈரம் கிடைக்கும். காய்ந்த பக்கத்து வேர், 'தண்ணீர் குறைகிறது' என்று செடிக்குத் தகவல் அனுப்பும். செடி இலைத் துளைகளைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும். வெயிலில் ஆவியாகும் ஈர மண்ணின் பரப்பும் பாதியாகிவிடும். செலவு இல்லை, மானியம் தேவையில்லை. மண்வெட்டியால் மடையை எங்கே திறப்பது என்பதை மாற்றினாலே போதும். மணல் கலந்த நிலத்தில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாது என்பதால் அங்கே இது அவ்வளவாக எடுபடாது. செம்மண்ணில் இரண்டு மூன்று சாலில் முயன்று பார்த்துவிட்டு விரிவாக்கலாம்.

எந்தப் பயிர் எப்போது தாகத்தைத் தாங்கும், எப்போது தாங்காது என்று தெரிந்தால் இன்னும் மிச்சம்.

மரவள்ளி: முதல் மூன்று மாதம்தான் முக்கியம். 7 முதல் 10 நாளுக்கு ஒரு தண்ணீர். அதற்குப் பிறகு எட்டாம் மாதம்வரை 20 முதல் 30 நாளுக்கு ஒன்று போதும்.

நிலக்கடலை: பூ எடுக்கும் முன் கொஞ்சம் வாடினாலும் தப்பில்லை. பூக்கும்போதும், விழுது மண்ணில் இறங்கும்போதும், காய் பிடிக்கும்போதும் ஈரம் குறையக் கூடாது.

மக்காச்சோளம்: ஆண் பூ வெளிவந்து, கதிரில் பட்டு நூல் தெரியும் நாட்களில் ஒரு தண்ணீர் தவறினால் கதிரில் மணி பிடிக்காது.

சின்ன வெங்காயம்: வேர் மேலாகவே இருக்கும். ஒரேயடியாக நிறைய விடுவது வீண். கொஞ்சமாக, அடிக்கடி விட வேண்டும்.

சந்தேகம் வந்தால் கையே கருவி. அரை அடி முதல் ஓர் அடி ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடித்துப் பாருங்கள். உருண்டை நின்றால் ஈரம் இருக்கிறது, மோட்டார் தேவையில்லை. உதிர்ந்தால் தண்ணீர் கட்டலாம். மேல் மண் காய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். வேர் அங்கே இல்லை.

சொட்டுநீர்: மானியம் கிடைத்த பிறகு...

இஸ்ரேலில் 1960-களில் வணிகத்துக்கு வந்த சொட்டுநீர்ப் பாசனத்தை, 1970-களிலேயே கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து இந்திய விவசாயிகளிடம் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் ஆர்.கே. சிவனப்பன். இன்றைக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகித மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவிகித மானியமும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றோடு வட்டார வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் பதிவு செய்யலாம்.

குழாய் போட்டதோடு வேலை முடிவதில்லை. இந்தப் பக்கத்துத் தண்ணீரில் உப்பு அதிகமான இடங்களில் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். குழாயின் கடைசி மூடியைத் திறந்து அழுக்கை வெளியேற்ற வேண்டும். எலியும் அணிலும் கடித்து வைக்கும். பல தோட்டங்களில் குழாய்கள் வேலி ஓரத்தில் சுருட்டிக் கிடப்பதற்குக் காரணம் இந்தச் சின்னச் சின்னப் பராமரிப்பு தவறியதுதான்.

உங்கள் மோட்டார் மணிக்கு எத்தனை லிட்டர்?

போனில் இருக்கும் ஸ்டாப் வாட்சை எடுங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய்க்குக் கீழே வையுங்கள். நிரம்ப 40 விநாடி ஆகிறது என்றால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் பாய்ச்ச அந்த மோட்டார் ஐந்தே முக்கால் மணி நேரம் ஓட வேண்டும்.

இந்தக் கணக்கு தெரிந்தால் இரண்டு விஷயம் பிடிபடும். எட்டு மணி நேரம் ஓட்டினால் எவ்வளவு கூடுதலாகப் பாய்ச்சுகிறோம் என்பது ஒன்று. மாதம் ஒருமுறை இதே சோதனையைச் செய்தால், கிணறு எப்போது இளைக்கத் தொடங்குகிறது என்பது முன்கூட்டியே தெரியும் என்பது இன்னொன்று. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள், காலண்டரில் குறித்து வைத்துவிடுவார்கள்.

மிச்சப்படுத்திய தண்ணீர் யாருக்கு?

இப்போது கஷ்டமான கேள்விக்கு வருவோம். "வயலில் விட்ட தண்ணீர் கீழே இறங்கி மறுபடி என் கிணற்றுக்குத்தானே வரும், பிறகு எதற்கு மிச்சம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு பகுதி திரும்பி வரும். ஆனால், ஆவியாகிப் போனது வராது. இறங்கும் தண்ணீர் போட்ட யூரியாவையும் கரைத்துக்கொண்டுதான் இறங்கும், அது குடிக்கும் தண்ணீரில் நைட்ரேட்டாக வந்து சேரும். திரும்பி வருவதும் உங்கள் கிணற்றுக்கே வரும் என்று பாறை யாருக்கும் உறுதி கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. சொட்டுநீர் போட்டு மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் கூடுதலாகப் பயிர் வைத்தால், கிணற்றுக்கு மிஞ்சியது என்ன? நீங்கள் சிக்கனமாக இருக்க, பக்கத்துத் தோட்டத்து மோட்டார் இரவு பகலாக ஓடினால் யாருக்கு லாபம்?

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். எத்தனையோ குடும்பங்களை விவசாயத்தில் தாக்குப்பிடிக்க வைத்தது அது. அதே சமயம், மோட்டாரை நிறுத்துகிறவருக்கு எந்தப் பலனும் இல்லை என்ற நிலையையும் அது உண்டாக்கிவிட்டது. பஞ்சாபிலும் இதே கதைதான். அங்கே நிலத்தடி நீர் வேகமாக இறங்கியதும், ஜூன் 10-க்கு முன் நெல் நடக் கூடாது என்று 2009-ல் சட்டம் போட்டார்கள். 2018-ல், ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடிக்கும் விவசாயிக்கு யூனிட்டுக்கு 4 ரூபாய் தரும் திட்டத்தையும் தொடங்கினார்கள்.

பிலிப்பைன்ஸின் டார்லாக் மாகாணத்தில் 2002-ல் நடந்தது இன்னும் சுவாரஸ்யமானது. ஒரே ஆழ்குழாய்க் கிணற்றைப் பகிர்ந்துகொண்ட விவசாயிகள், டீசல் செலவைத் தங்கள் கையில் இருந்து கட்டியவர்கள். பைப் முறையை அவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். பைப்பின் பலன் அவர்கள் சட்டைப்பையிலேயே தெரிந்தது.

காளப்பநாயக்கன்பட்டி பக்கத்தில் கூட்டுக் கிணறு என்பது புதிய ஏற்பாடு அல்ல. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தாலும் கிணறு பிரியாது. திங்கள் உனக்கு, செவ்வாய் எனக்கு என்று முறை வைத்து இறைத்தவர்கள் நம் தாத்தாக்கள். மாட்டைப் பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் ஒவ்வொரு சாலுக்கும் உழைப்பு இருந்தது. அதனால் ஒவ்வொரு சாலுக்கும் கணக்கும் இருந்தது. சுவிட்ச் வந்ததும் உழைப்பு போனது. கூடவே கணக்கும் போய்விட்டது.

அந்தக் கணக்கைத் திரும்பக் கொண்டுவர மாடு வேண்டாம், கவலை வேண்டாம். ஒரு துண்டு பைப், ஒரு டிரம், ஒரு காலண்டர் போதும். கூடவே, பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒரு பேச்சு. "ஏனுங்க அண்ணா, உங்க கிணத்துல எத்தனை படி தெரியுது?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் அதே கவலைதான்.

அடுத்த முறை கொல்லிமலைக்குப் போகும்போது காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடிக்க நிறுத்துவீர்கள்தானே? மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, சாலையோரத் தோட்டத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். வயல் கொஞ்சம் காய்ந்து கிடந்து, நடுவில் ஒரு பைப் நின்றால், விவசாயி கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். கவனிப்பதால்தான் அது காய்ந்து கிடக்கிறது!